பள்ளிக்கூடமும் நம் அமானிதமே



கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் ஒரு தாய் நம்மிடம் வந்து மனம் வெதும்பினார். மகள் படிக்கும் பள்ளியில் கழிப்பறை சரியில்லையாம். காலை முதல் மாலை வரை அவள் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிப்பதில்லையாம். படிப்பை நிறுத்திவிடலாமா என்று கேட்டார். "பெற்றோர் கூட்டத்தில் சொன்னீர்களா?" என்றோம். "அங்கெல்லாம் நாங்க போறதில்லீங்க ஹஜ்ரத். அது கவர்மெண்டு பள்ளிக்கூடமாச்சே" என்றார்.

மதரஸாவில் விளக்கு எரியாவிட்டால் முத்தவல்லியின் வாசலில் போய் நிற்கிறோம். அதே பிள்ளை பகலெல்லாம் இருக்கும் பள்ளியைப் பற்றி வாய் திறப்பதில்லை. இது நியாயமா?

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் மேலாண்மைக் குழு அமைக்கப்பட வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். உறுப்பினரில் பாதிப்பேர் பெண்கள். பள்ளிக்கு வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று கவனிப்பதும், வளர்ச்சித் திட்டம் தீட்டுவதும் இவர்களின் பணி. தமிழகத்தில் 2022இல் இக்குழுக்கள் திருத்தி அமைக்கப்பட்டன. 2024இல் முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டனர்.

"அது நம்முடையதல்லவே" என்போருக்கு பத்ரைச் சொல்வோம். எழுதத் தெரிந்த கைதிகள் மதீனாவின் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிப்பதையே ஈட்டுத் தொகையாக அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஏற்றதாக வரலாறு கூறுகிறது. கற்பித்தவர் யார் என்று அவர்கள் பார்க்கவில்லை. பிள்ளைகள் கற்றார்களா என்றே பார்த்தார்கள்.

"பெண்கள் ஆலோசனை சொல்வதா?" என்போரே! ஹிஜ்ரி 6இல், ஹுதைபிய்யாவில், அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களின் யோசனையை ஏற்றுத்தானே நபியவர்கள் நடந்தார்கள்!

கூட்டத்துக்குப் போகும்போது ஒழுங்கும் தேவை. ஆசிரியரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கனிவாகக் கேளுங்கள், கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்யுங்கள். வாசிக்காமல் கையெழுத்திடாதீர்கள். கையெழுத்து என்பது சாட்சியம்; அதற்கு மறுமையில் கேள்வி உண்டு. எழுத்து அறியாதவர், பிறரை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே ஒப்பமிடட்டும். ஜமாஅத்தார் கூட்ட நாளை ஜும்ஆவில் அறிவிக்கலாம்.

அந்தத் தாய் அடுத்த கூட்டத்துக்கு அண்டை வீட்டுப் பெண்கள் இருவருடன் சென்றார். அவர் கோரிக்கை தீர்மானமாக எழுதப்பட்டது. வேலை இன்னும் முடியவில்லை. ஆனால், மகள் படிப்பை நிறுத்தவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் அவர் விடாமல் கேட்டு வருகிறார்.

நம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி நாம் விசாரிக்கப்படுவோம். அந்நாளில் நாணி நிற்காதிருக்க, வல்ல அல்லாஹ் நமக்கு அருள் புரிவானாக! ஆமீன்.