வயிற்றுக்கு வந்த வரம்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு குளிர்காலத்தில், எம்மவர் வீட்டு விழாவொன்றில் உணவருந்திய பலருக்குச் சத்தியும் வயிற்றோட்டமும் கண்டன. ஒரு குடும்பம் மட்டும் தப்பியது. "எங்கள் வீட்டில் சுத்தம் அதிகம்" என்றனர் அவர்கள். சமைத்த அம்மாவோ ஊர்வாய்க்கு அஞ்சி, அதன்பின் அன்னதானச் சமையலறைப் பக்கமே வரவில்லை. அன்று நாமும் வாய் திறக்கவில்லை.

தப்பியது சுத்தத்தாலா, பிறப்பாலா?

2012இல் கிழக்கு ஜேர்மனியில், உறைய வைத்த ஸ்ரோபெரிப் பழங்களில் இருந்த நோரோ வைரசினால் பள்ளிகளிலும் சிறுவர் காப்பகங்களிலும் ஏறத்தாழ 11,000 பேர் நோயுற்றனர். இத்தகைய தொற்றுகளில் ஒரே உணவை உண்டவர்கள் எல்லோரும் நோயுறுவதில்லை. காரணங்கள் பல, அவற்றுள் ஒன்று பரம்பரை. இந்த வைரஸ் குடற்சுவரிலுள்ள ஒருவகைச் சர்க்கரையைப் பற்றிக்கொண்டே உட்புகுகிறது. எஃப்.யு.டி.2 என்னும் மரபணுவைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் செயலற்ற நிலையில் பெற்றவர்களுக்கு அந்தச் சர்க்கரை குடலில் உருவாவதில்லை. ஐரோப்பியரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் இத்தகையோர். 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதனைத் தெளிவாக்கியது.

இது முழுக் கவசமன்று. சில வகை நோரோ வைரஸ்கள் இவர்களையும் தாக்கும். அதே மரபணு மாற்றம், குரோன் என்னும் நீடித்த குடல்நோய் வரும் வாய்ப்பைச் சற்றுக் கூட்டுவதாகவும் அறியப்பட்டுள்ளது. ஒரு கையால் தந்ததை மறு கையால் வாங்குகிறது இயற்கை.

ஆகவே, உழைத்துப் பெறாததில் பெருமைக்கு இடமில்லை. பிழை செய்து இழக்காததில் வெட்கத்துக்கும் இடமில்லை. அப்படியானால் சுத்தம் வீணா? இல்லை. வயிறு தப்பினாலும் கை கிருமியைச் சுமக்கும். யாருக்கு அந்த வரம் உண்டென்பது எம்மில் எவருக்கும் தெரியாது. எனவே எல்லோரும் சவர்க்காரமிட்டுக் கைகழுவ வேண்டும். நோயுற்றவர், குணமாகிக் குறைந்தது இரண்டு நாட்கள் செல்லும்வரை சமையலுக்கு வராதிருக்க வேண்டும்.

ஆனால் "எனக்குச் சுகமில்லை, இன்று வரமாட்டேன்" என்று ஒருவர் சொல்வதற்கு, நாம் பழி சொல்லாதவர்களாக இருக்க வேண்டும். பழிக்கு அஞ்சுபவர் நோயை மறைத்து அகப்பை பிடிப்பார். அப்போது கிருமியைப் பரப்பியவர் அவர் மட்டுமல்லர்; எமது நாவும்தான்.

அந்த அம்மாவின் வீட்டுக் கதவைத் தட்டி, "வாருங்கள் அக்கா, அடுப்பு காத்திருக்கிறது" என்று அழைக்கும் கடன் எமக்கு இன்னும் இருக்கிறது.