வண்ணக்கன் கடன்

சிங்கப்பூர்த் தமிழில் ‘வெள்ளி’ என்பது இரட்டைப் பொருளுடைய சொல். அது உலோகத்தையும் குறிக்கும். நாட்டின் பணத்தையும் குறிக்கும். சிராங்கூன் சாலையில் பூச்சரத்தை முழம் போட்டு இத்தனை வெள்ளி என்று விலை கூறுகிறவர் கைநீட்டி வாங்குவது அச்சடித்த தாளையே. அதில் குன்றிமணி எடை வெள்ளியும் கிடையாது. உலோகமே பணமாகவும் பணமே உலோகமாகவும் இருந்த காலம் மறைந்தபின் பெயர் மட்டும் தங்கிவிட்டது. அக்காலத்து வெள்ளி டாலர்களைத் தேடிச் சேர்ப்போர் இந்நகரில் இன்றும் உளர். பொழுதுபோக்கு என்று பிறர் எளிதாகக் கருதும் அவர்தம் செயலுக்குள் அறநூலார் விடைகாண முயன்ற பழைய வினா ஒன்று மறைந்து கிடக்கிறது.

வினாவுக்கு வருமுன் பொருளை அறிதல் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை சிங்கப்பூர்க் கடைத்தெருவில் மெக்சிகோ நாட்டு டாலரும், 1895 முதல் அச்சிடப்பட்ட பிரிட்டிஷ் வாணிப டாலரும் கலந்து புழங்கின. வாணிப டாலரில் சூலம் ஏந்தி நிற்கும் பிரிட்டானியா. மறுபுறம் சீன எழுத்திலும் ஜாவி எழுத்திலும் அதன் மதிப்பு. 1903இல் நீரிணைக் குடியேற்ற நாடுகளுக்கென்றே தனி டாலர் பிறந்தது. ஏழாம் எட்வர்ட் மன்னரின் முடிசூடிய உருவம் தாங்கிய அந்த நாணயம் பம்பாய் அக்கசாலையில் உருவாயிற்று. பழைய டாலர்கள் கப்பலேறிப் பம்பாய் சென்று, உருகிப் புது முகத்தோடு திரும்பின. ஆனால் அந்தப் புது முகத்துக்கும் ஆயுள் நீளவில்லை. 1906இல் டாலரின் மதிப்பு இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ் என உறுதி செய்யப்பட்டது. வெள்ளியின் விலையோ ஏறிக்கொண்டிருந்தது. நாணயத்தின் முகமதிப்பைவிட அதனுள் இருக்கும் உலோகம் மிகுதியாக விலைபோகுமானால் நாணயம் கடைத்தெருவில் நில்லாது, உருக்குவோரிடம் சென்றுவிடும். ஆகவே 1907இல் டாலரின் எடையைக் குறைத்தார்கள். 26.95 கிராம் இருந்தது 20.21 கிராம் ஆயிற்று. 1919இல் மேலும் இளைத்து 16.85 கிராமுக்கு வந்தது. வெள்ளியின் பங்கும் நூற்றுக்குத் தொண்ணூறிலிருந்து ஐம்பதாக இறங்கியது. பதினாறே ஆண்டுகளில் மூன்று உடல்கள்! மனிதரின் முதுமைகூட இத்தனை விரைவாக வருவதில்லை.

ஒரு நாணயம் அரிதாவது பெரும்பாலும் இப்படித்தான். குறைவாக அச்சிடப்பட்டதனால் அரிதானவை சில. உருக்கப்பட்டதனால் அரிதானவை பல. இதற்குப் பெருஞ்சான்று அமெரிக்க டாலர். முதல் உலகப்போரின்போது இந்தியாவில் மக்கள் காகிதப் பணத்தை நம்பாது வெள்ளி ரூபாயைக் கேட்டு நின்றனர். அரசின் கையிருப்பு வற்றியது. 1918இல் அமெரிக்கா சட்டம் ஒன்று இயற்றித் தன் கருவூலத்திலிருந்த வெள்ளி டாலர்களுள் 27 கோடிக்கும் மேற்பட்டவற்றை உருக்கியது. அவ்வெள்ளியின் பெரும்பகுதி இந்தியாவின் தேவைக்காகப் பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. அக்காலத்துத் தமிழ்நாட்டு உழவன் ஒருவன் இடுப்பில் முடிந்துவைத்த ரூபாயில் அமெரிக்கச் சுதந்திர தேவியின் முகம் கரைந்திருந்திருக்கலாம். அதை அவன் எப்படி அறிவான்?

இவ்வாறு எஞ்சியவற்றுள்ளும் தரம் பார்த்தே சேகரிப்போர் விலை வைப்பர். அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் 1949இல் வகுத்த ஒன்று முதல் எழுபது வரையிலான அளவுகோல் இன்று உலகெங்கும் வழங்குகிறது. அறுபதும் அதற்கு மேலும் பெறுவன கைபடாத நாணயங்கள். நாற்பதிலிருந்து ஐம்பத்தெட்டு வரை உள்ளவை புழங்கியவை. ஆயினும் மிகக் குறைவாகத் தேய்ந்தவை. கைபடாத அரிய டாலரை வாங்கச் செல்வர்க்கே இயலும். 1893இல் சான் பிரான்சிஸ்கோ அக்கசாலை ஓர் இலட்சமே அச்சிட்ட டாலர் போன்றவற்றைக் கைபடாத நிலையில் நடுத்தரக் குடும்பத்தார் கனவிலும் தீண்ட முடியாது. எனவே, ‘புழங்கியும் கெடாத’ இந்த இடைப்பட்ட தரமே பொதுச் சேகரிப்பாளரின் வேட்டைக்களம். இங்கே இன்னொன்றும் சொல்லத்தக்கது. ஐம்பத்தெட்டு பெற்ற நாணயம் அறுபது பெற்றதைவிடப் பார்வைக்கு அழகாக இருப்பதுண்டு. கைபடாத நாணயங்கள் அக்கசாலைப் பைகளில் குவிந்து கிடந்தபோது ஒன்றோடொன்று மோதி வடுப்பட்டிருக்கும். சில கைகள் மட்டுமே தொட்ட நாணயத்திலோ மெல்லிய தேய்வன்றி வேறு காயம் இருப்பதில்லை. உலகத்தாரிடம் பட்டதைவிடத் தன் இனத்தாரிடம் பட்டதே ஆழமான வடு என்பது நாணயத்துக்கும் பொருந்தும் போலும்.

இந்தத் தேய்வைக் காண்பது எளிதன்று. மன்னரின் முடியிலும் காதோரத்து மயிரிழையிலும் மேலங்கி மடிப்பிலும் இருக்கும் சிறு மேடுகள் முதலில் மழுங்கும். உருப்பெருக்கியும் பல்லாண்டுப் பழக்கமும் இன்றி அது புலப்படாது. ஆனால் அந்த மயிரிழையின் வேறுபாட்டில் விலை பல மடங்கு ஏறி இறங்கும். ஆண்டெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கூடத் தரத்தைப் படிக்கத் தெரியாதவராக இருப்பார். வினா பிறக்கும் இடம் இதுவே.

ஒரு மூதாட்டி தம் மாமியார் வழிவந்த டாலர் ஒன்றைப் பழைய வெள்ளியாக எண்ணி விற்க வருகிறார் என்று கொள்க. அது அரிய ஆண்டு; அதனினும் அரிய தரம். எதிரே இருப்பவர் அறிந்தவர். எடைக்குரிய விலையைக் கொடுத்து அவர் வாய்திறவாது வாங்கிக்கொள்ளலாமா?

இதே வினாவை ஏறத்தாழ இதே வடிவில் கி.மு. 44இல் உரோம நாட்டு அறிஞர் சிசரோ கடமைகள் பற்றிய தம் நூலின் மூன்றாம் பகுதியில் எழுப்பியிருக்கிறார். பொன்னைப் பித்தளை என்று கருதி ஒருவன் விற்கிறான். ஆயிரம் காசு பெறும் பொருளை நல்லவன் ஒரு காசுக்கு வாங்குவானா, அன்றி ‘இது பொன்’ என்று எடுத்துரைப்பானா? விடையை வெளிப்படக் கூறாது, தம் கருத்து இதற்குள் விளங்கியிருக்கும் என்று சொல்லி அவர் மேலே சென்றுவிடுகிறார். அதற்குச் சற்று முன்னர், அறியாது கள்ளக்காசு பெற்ற அறிவுடையவன் உண்மை தெரிந்தபின் அதை நல்ல காசாகப் பிறர்க்குக் கொடுக்கலாமா என்ற வினாவும் வருகிறது. கொடுக்கலாம் என்றார் டயோஜனிஸ். கூடாது என்றார் அவர் மாணவர் அன்டிபேட்டர். சிசரோ மாணவர் பக்கமே நின்றார்.

டயோஜனிஸ் பக்கத்து வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. சொல்லாமை வேறு, மறைத்தல் வேறு. நாணயம் விற்பவர் கையில்தான் இருக்கிறது. வாங்குபவர் எதையும் மூடவில்லை. அவருடைய அறிவு இலவசமாகக் கிடைத்ததும் அன்று. எத்தனையோ முறை போலி நாணயத்துக்கு முழு விலை கொடுத்து ஏமாந்து பெற்ற அறிவு அது. ஏமாந்த நாளில் எவரும் அவருக்குப் பணத்தைத் திருப்பித் தரவில்லை. நட்டம் அவரையே சாருமெனில் ஊதியமும் அவரையே சாரும் என்பது முறையல்லவா? லிட்டில் இந்தியாவை அடுத்திருந்த சுங்கை சாலைச் சந்தையில் இந்த வாதம் பெரும்பாலும் செல்லுபடியாகியிருக்கும். 1930களில் தோன்றி 2017 ஜூலையில் மூடப்பட்ட அச்சந்தைக்குத் ‘திருடர் சந்தை’ என்றே பெயர். தரையில் துணி விரித்துப் பழம்பொருள் பரப்பியவர் வணிகர். தம் விலையைத் தாமே கூறினார். வாங்க வந்தவர் தம் கண்ணை நம்பி வந்தார். இருவரும் ஆட்டத்தின் விதி அறிந்தவர்கள்.

மூதாட்டியோ ஆட வந்தவர் அல்லர். அவர் கேட்பது ‘இது என்ன பெறும்?’ என்பதே. அக்கேள்வி எழுந்த கணத்திலேயே எதிரே இருப்பவர் வாங்குபவர் என்ற நிலையிலிருந்து மாறிவிடுகிறார். பழந்தமிழர் நாணயத்தின் தரம் கண்டு சொல்பவனை வண்ணக்கன் என்றனர். வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் போன்ற சங்கப்புலவர் பெயர்களில் அத்தொழில் இன்றும் ஒட்டியிருக்கிறது. வண்ணக்கன் தன் கண்ணைத் தனக்காக வைத்திருந்தவன் அல்லன். கொடுப்பவன், கொள்பவன் இருவர்க்கும் நடுவே நின்றவன். திருவள்ளுவர் வாணிகத்தைப் பற்றிய தம் குறளைப் பொருள் செயல்வகையில் வைக்காது நடுவு நிலைமையில் வைத்ததும் இங்கே நினைக்கத்தக்கது.

அவர் எதையும் கேளாது நீட்டினால்? அப்போதும் வாய்திறவாமை தப்பிக்கும் வழியன்று. ஏனெனில் வாங்குபவர் உண்மையில் மௌனமாக இருப்பதில்லை. அவர் நாணயத்தை எடுத்துத் தராசில் இடுகிறார். ‘இதன் பெருமை இதன் எடையே’ என்று அந்தத் தராசு அவருக்காகப் பொய் பேசுகிறது. வாய்ப்பொய்க்கு அஞ்சுகிறவர் கைப்பொய்க்கு அஞ்சாதது வியப்பே.

இங்குப் பழைய சிங்கப்பூரின் வழக்கம் ஒன்று நன்கு ஒளி தருகிறது. கடைத்தெருவில் டாலர் புழங்கிய நாளில் அதன் தரம் கண்ட சீனச் சராப்புகள் தம் அடையாளத்தைச் சாப்பாவாக நாணயத்தின் மேலேயே குத்தினர். ‘நான் கண்டேன், இது நல்ல வெள்ளி’ என்பதே அதன் பொருள். தம் அறிவை அடுத்தவரும் அதற்கடுத்தவரும் காணும்படி பொருளின் முகத்திலேயே பொறித்துவிட்டனர். சாப்பா குத்திய டாலர்களையே விரும்பித் தேடுவோர் சிலர் உண்டு. உயர்தரம் நாடுவோர்க்கோ அது ஊனம். எழில் கெடாத நாணயம் வேண்டுமென்போர் பார்வையில் சராப்பு நாணயத்தைக் கெடுத்தவன். ஆனால் அவன் எதையும் தனக்குள் ஒளித்துவைக்கவில்லை. இவர்கள் நாணயத்தைக் கெடுக்காமல் காக்கிறார்கள். கண்டதை மட்டும் வெளியிடுவதில்லை. 1980களின் நடுப்பகுதியிலிருந்து அமெரிக்க நிறுவனங்கள் தரத்தை எண்ணாக எழுதி நாணயத்தோடு நெகிழிப் பேழையில் அடைத்துத் தருகின்றன. புதுக்காலத்துச் சாப்பா என்று அதைக் கூறலாம். ஆயினும் அது பெரும்பாலும் குத்தப்படுவது மூதாட்டியின் கையை விட்டு நாணயம் போனபிறகே.

மௌனத்தினால் விளையும் கேடு விற்பவரோடு நிற்பதில்லை. விற்க எடுத்த டாலரைப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கிப் பளபளக்கச் செய்துவிடுவது நம் வீட்டு வழக்கம். விளக்கைத் துலக்கும் அதே பரிவோடுதான் அதையும் துலக்குகிறார்கள். நூறாண்டு ஏறிய நிறமும், மயிரிழைகளும், அவற்றோடு விலையும் அந்தப் பத்து நிமிடத்தில் போய்விடுகின்றன. காது வைத்துப் பற்றவைத்துப் பதக்கமாக்கியவை எத்தனை! சட்டைப் பொத்தானானவை எத்தனை! அறிந்தவர் கூறியிருந்தால் இவற்றுள் பல பிழைத்திருக்கும். கூறாமையினால் மேலும் அரிதாகின்றன. அரிதாவதனால் ஏற்கெனவே சேர்த்து வைத்தவரின் பேழை மதிப்பேறுகிறது. அழிவிலிருந்து காப்பவர் என்று தம்மை எண்ணிக்கொள்ளும் சேகரிப்பாளர் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

அப்படியானால் அவர் முழு விலையும் கொடுத்தே தீரவேண்டுமா? வேண்டியதில்லை. அவருக்கும் குடும்பம் உண்டு. கண்பழக்கத்துக்கும் கூலி உண்டு. இது இன்ன ஆண்டு, இன்ன தரம், சந்தையில் இவ்வளவு பெறும், தம்மால் இவ்வளவு தர இயலும் என்று சொல்லிவிட்டுக் கேட்டால் போதும். சொல்வதில் இடர் இருக்கிறது. ‘அப்படியா தம்பி? எதற்கும் மகனைக் கேட்டுக்கொண்டு வருகிறேன்’ என்று மூதாட்டி டாலரை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டு, பஃபலோ சாலைப் பக்கம் நடந்து கூட்டத்தில் மறைந்துவிடக்கூடும்.