வெயிலைத் தேடும் உரிமை

பாம்பின் உடலுக்குள் அடுப்பு இல்லை. தனக்கு வேண்டிய சூட்டை அது வெளியிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. இரை விழுங்கியபின் வெப்பத்தை நாடும். சூடு மிஞ்சினால் வளைக்குள் ஒதுங்கும். செரிமானம், நோய் எதிர்ப்பு, கருவளர்ச்சி எல்லாமே இந்த இடப்பெயர்ச்சியை நம்பியிருக்கின்றன. மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்பைப் பிரிட்டனில் ஒருவர் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கும்போது, அதன் இடத்தை மட்டும் அவர் குறுக்கவில்லை. அதன் உடல் தானே செய்துவந்த வேலையையும் தன் கையில் எடுத்துக்கொள்கிறார். ஆகவே பெட்டியின் சூட்டைக் கட்டுப்படுத்த எந்தத் தெர்மோஸ்டாட் வாங்குவது என்பது கடையோடு முடிகிற கேள்வி அல்ல. ஓர் உயிரின் தேர்வைப் பறித்தவர் அதற்கு என்ன கடன்பட்டிருக்கிறார் என்பதே அதன் அடியில் இருக்கும் கேள்வி.

சரியான வெப்பநிலையைக் கொடுத்தால் கடன் தீர்ந்தது என்று தோன்றலாம். தீராது. மேத்யூ க்ளூகரும் சக ஆய்வாளர்களும் 1970களில் பாலைவன இகுவானாக்களுக்கு நோய்க்கிருமியைச் செலுத்திப் பார்த்தார்கள். அவை வழக்கத்தைவிடச் சூடான இடத்தைத் தாமே நாடின. சூட்டில் வைக்கப்பட்டவையே அதிகம் பிழைத்தன. அவை பல்லியினம்தான், பாம்பல்ல. ஆனாலும் சூட்டை வெளியே தேடும் உயிருக்குச் சரியான வெப்பநிலை என்பது ஒரே எண் அல்ல என்பதை அந்த ஆய்வு காட்டுகிறது. இன்று எவ்வளவு சூடு வேண்டும் என்று பாம்பின் உடலுக்குத்தான் தெரியும். அதனால் நாம் தர வேண்டியது, ஒரு முனையில் சுமார் 32 டிகிரி, மறுமுனையில் சுமார் 26 டிகிரி என்று சூடு படிப்படியாகக் குறையும் ஓர் இடம். தெர்மோஸ்டாட்டின் வேலை சூடான முனை எல்லை மீறாமல் காப்பது. சூடு தரும் பல்புக்கு ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வகை பொருந்தும். ஒளி தராத செராமிக் ஹீட்டருக்கு மின்சாரத்தை விட்டுவிட்டுச் செலுத்தும் பல்ஸ் வகை பொருந்தும். வெறுமனே அணைத்து எரியவிடும் மலிவான வகையில் சூடு ஏறி இறங்கும். சென்சார் இடம் நழுவினாலோ, மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலே ஒட்டிக்கொண்டாலோ ஹீட்டர் அணையாது. தீக்காயம் பட்டும் பாம்பு விலகாமல் கிடப்பதைக் கால்நடை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் தனியாக ஒரு காப்புத் துண்டிப்பானையும் ஹீட்டரைச் சுற்றி ஒரு கம்பிவலையையும் நான் கடமையாகவே கருதுகிறேன்.

காட்டிலும் குளிரும் வெயிலும் வாட்டுகின்றனவே என்பார்கள். வாட்டுகின்றன, ஆனால் அங்கே விலகிப்போக வழி உண்டு. பாம்புக்கு நம்மைப் போல் துன்பம் தெரியுமா என்பார்கள். அது எனக்குத் தெளிவாகத் தெரியாது. தெரியாமையைக் காரணம் காட்டி அலட்சியப்படுத்த நமக்கு உரிமை இல்லை. முதுகெலும்புள்ள வளர்ப்புயிர்களுக்குத் தகுந்த சூழலைத் தரவேண்டியதைப் பிரிட்டனின் 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் கடமையாக்கியிருக்கிறது. கூண்டே தவறு, அதற்குள் என்ன கருணை என்ற மறுப்புதான் கனமானது. அதில் பாதியை ஏற்கிறேன்: பாம்பு வாங்காமலிருப்பது குற்றமற்ற வழி. ஆனால் கூண்டில் பிறந்து கூண்டிலேயே வாழும் பைத்தானைப் பிரிட்டனின் குளிர்காலத்தில் வெளியே விட்டால் அது செத்துப்போகும். அதற்கு நாம் பட்ட கடன் அது வாழும்வரை இருக்கிறது. இரு முனைகளுக்கிடையே சூட்டில் வேறுபாடே எழாத அளவுக்குப் பெட்டி சிறியதென்றால், தெர்மோஸ்டாட்டுக்கு முன்பு பெட்டியைத்தான் மாற்ற வேண்டும்.