உறக்கத்தில் கடக்கும் ஊர்கள்

ஆர். எல். புரோஹியர் கொழும்பில் பிறந்த பறங்கியர். நிலஅளவைத் திணைக்களத்தில் வேலை பார்த்தவர். காடும் குளக்கட்டுமாக அலைந்து அவர் எழுதிய 'சீயிங் சிலோன்' என்ற பயண நூல் 1965இல் வந்தது. பழைய குளங்களைக் கட்டியவர்களின் நீர் அறிவைக் கண்டு அவர் கொண்ட வியப்பு உண்மையானது. எனக்கும் அது தொற்றியது.

குளம், தாதுகோபம், வயல். இந்த மூன்றும் சேர்ந்த படத்தைப் பின்னர் அரசியல் மேடைகள் எடுத்துக்கொண்டன. இதுதான் நாடு என்றன. தமிழ் பேசும் மன்னாரின் கட்டுக்கரைக் குளமும் பழங்குளம்தான். அதற்கு அந்தப் படத்தில் இடமில்லை. தேயிலை மலைக்கு இடமுண்டு, தோட்டத் தொழிலாளரின் லயத்துக்கு இல்லை. அந்த லயங்களில் இருந்தவர்களின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது.

*

கிராமத்தையே நாடென்று காட்டுவது இங்கிலாந்திலும் நடந்தது. முதல் உலகப் போருக்குப் பின் எச். வி. மார்ட்டன் காரில் சிற்றூர்களைச் சுற்றி எழுதிய புத்தகம் 1927இல் வெளிவந்தது. ஆலைப் புகைக்குள் வாழ்ந்த ஒரு நாடு தன்னைப் புல்வெளியில் தேடியது.

*

கொழும்பு வெள்ளவத்தையில் பொழுது பட்டதும் காலி வீதியோரம் யாழ்ப்பாண பஸ்கள் வந்து நிற்கும். கயிறு கட்டிய காட்போட் பெட்டிகள், மடியில் பிள்ளைகள். ஏறியவுடன் திரைச்சீலையை இழுத்துவிடுவோம். அநுராதபுரமும் மதவாச்சியும் நித்திரையில் போய்விடும். ஆனையிறவில் உப்புக் காற்று முகத்தில் அடிக்கும்போதுதான் கண் விழிப்போம். நமது ஊர்ப் பயணக் கட்டுரைகளில் பலவும் அங்கேதான் தொடங்குகின்றன.

*

பனை, கிடுகு வேலி, துலா, கிணறு. இதுதான் நமது கட்டுரைகளின் படம். கொட்டாஞ்சேனை மாடிவீட்டில் குழாய்த் தண்ணீர் குடிக்கிறவருக்கு அந்தக் கிணற்று நீர் தித்திக்கும். இழந்தவரின் ஏக்கத்தைக் குறை சொல்ல என்னால் முடியாது. வலிகாமம் வடக்கில் 1990இல் எழும்பிப் போனவர்கள், கால் நூற்றாண்டு தாண்டியும் தங்கள் காணியை இராணுவக் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள்.

ஆனால் அந்தக் கிணற்றில் வாளி போட எல்லாரையும் விட்டோமா? அள்ளி ஊற்றுவார்களென்று குடத்தோடு காத்து நின்றவர்களுக்கும் அதுதான் ஊர். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் சாதி சொல்லி மறித்து நிறுத்தப்பட்டவர்களுக்கும் அதுதான் ஊர். அவர்களுடைய ஞாபகம் நமது கட்டுரைகளில் அரிதாகவே வருகிறது. நமக்கென்று ஒரு தேசத்தை எழுதும்போது, மற்றவர்கள் நம்மை விட்டதுபோல நாமும் ஆட்களை விட்டிருக்கிறோம். இதை ஒப்புக்கொள்ளாத எழுத்து எனக்கு வேண்டாம்.

*

1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாண முஸ்லிம்கள் ஊரை விட்டுப் போகப் புலிகள் கொடுத்த நேரம் இரண்டு மணித்தியாலம்.

ஊருக்குப் போய் எழுத இருக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நல்லூரையும் கீரிமலையையும் எழுதுங்கள். முஸ்லிம்கள் விட்டுப்போன சோனகத் தெருவுக்கும் போங்கள். திரும்பி வந்து குடியிருப்பவர்களிடம் அவர்களுடைய ஊரைப் பற்றிக் கேளுங்கள். அவர்கள் சொல்கிறபடியே எழுதுங்கள்.