கழற்றி வைத்தலும் கழற்றிப் போடுதலும்

‘சட்டையைக் கழற்றிப் போட்டான்’ என்பதற்கும் ‘சட்டையைக் கழற்றி வைத்தான்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழறிந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. இரண்டிலும் கை செய்த செயல் ஒன்றே. எனினும் ‘வைத்தான்’ என்னும் சொல்லுக்குள் நாளைய நாள் இருக்கிறது; ‘போட்டான்’ என்பதில் அது இல்லை. இப்போது பயன்படாத பொருளுக்கு நாம் ஏதேனும் கடமைப்பட்டுள்ளோமா என்னும் வினாவை இவ்விரு துணைவினைகளே நம் முன் நிறுத்துகின்றன.

வினாவை ஒரு பொருளின்மேல் ஏற்றிப் பார்ப்போம். குளிர்நாடுகளில் திறந்த கார் வைத்திருப்போர் கோடையில் கூரையை நீக்கிவிட்டு ஓட்டுவர். குளிர் வந்ததும் மீண்டும் பூட்டுவர். துணிக் கூரையானால் மடங்கும். ‘ஹார்டு டாப்’ எனப்படும் கடினக் கூரை மடங்காது. தகட்டாலோ கண்ணாடியிழையாலோ ஆன அதை முழுதாகவே தூக்கி எடுக்க வேண்டும். 1955ஆம் ஆண்டின் ஃபோர்டு தண்டர்பேர்டு காரில் கண்ணாடியிழைக் கூரை இருந்தது. மறு ஆண்டு மாடலில் அதன் பக்கங்களில் வட்டச் சாளரங்களும் வந்தன. 1963 முதல் 1971 வரை மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் செய்த எஸ்.எல். கார்களுக்குப் ‘பகோடா’ என்னும் செல்லப் பெயர் வாய்த்ததே, நடுவில் தாழ்ந்து ஓரங்களில் உயர்ந்த அதன் கூரையால்தான். காருக்குப் பெயர் ஈட்டித் தந்த உறுப்பு, கோடை முழுதும் காரோடு இல்லை!

நம்மில் பெரும்பாலோரிடம் இத்தகைய கார் இல்லை, வரப்போவதும் இல்லை. அதனால்தான் தன்னலம் குறுக்கிடாமல் இதைப் பற்றி எண்ண முடிகிறது.

கழற்றிய கூரையை ஐந்தாறு மாதங்கள் எவ்வாறு வைப்பது? அதன் அடிவிளிம்பில் ஓடும் ரப்பர்ப் பட்டையே மழைநீரைத் தடுப்பது. கூரையைத் தரையில் அப்படியே இறக்கிவிட்டால் எடை முழுதும் அப்பட்டையின்மேல் விழும். மாதக்கணக்கில் அமுங்கிக் கிடந்த ரப்பர் பிறகு நிமிர்வதில்லை. பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றினால் தூசி படியாது, உண்மைதான். ஆனால் உள்ளே சிக்கிய ஈரமும் வெளியேறாது. தகடு துருவேறும், உட்புறத் துணியில் பூஞ்சணம் படரும். எனவே கழுவி, முற்றிலும் உலர்த்தி, பட்டையின்மேல் பாரம் விழாதவாறு மெத்தையிட்ட தாங்கியில் நிறுத்தி, காற்றோட்டமுள்ள துணியால் மூட வேண்டும். பின்கண்ணாடியில் பனி நீக்கும் மின்கம்பி இருந்தால், தூக்குமுன் அதன் இணைப்பை விடுவிக்க வேண்டும். ஒரு பக்கத்திற்கு ஒருவராக இருவர் தூக்குவதே முறை.

இடம் போதாதோர் கப்பி கட்டிக் கார் கொட்டகையின் உச்சிக்கு ஏற்றிவிடுகின்றனர். இங்கேதான் செய்தி கனக்கிறது. கொக்கி உத்தரத்தில் ஆழப் பதியாமல், மேலே வேய்ந்த அட்டைப் பலகையை மட்டும் பற்றியிருந்தால் என்னாகும்? வார்ப்பட்டை நாளடைவில் நைந்திருந்தால் என்னாகும்? அதன் கீழே குழந்தை தன் சைக்கிளை எடுக்க வரும். தலைக்குமேல் தொங்குவதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை.

ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட், 1797இல் வெளிவந்த தம் ஒழுக்கவியல் நூலில், ஒன்றைக் குறித்த கடமை வேறு, அதற்கே நாம் பட்டிருக்கும் கடமை வேறு என்று பிரித்துக் காட்டினார். உயிரற்ற அழகிய பொருளை வீணே அழிப்பவன் அப்பொருளுக்குத் தீங்கிழைக்கவில்லை. தன்னுள் இருக்கும் நல்லியல்பை நலிவிக்கிறான். ஆகவே கடமை தனக்குத்தானே என்பது அவர் முடிவு. ஆழ்ந்த கருத்து இது. ஆயினும் நம் கூரைக்கு இது போதவில்லை எனத் தோன்றுகிறது. தாங்கியில் நிற்கும் கூரையைச் சுற்றி வேறு மனிதர்களும் இருக்கின்றனர். கீழே நடக்கும் குழந்தை ஒருவர். இக்காரை அடுத்து வாங்கப்போகும் முகமறியாதவர் இன்னொருவர். ஒருவர் கோடையில் காரை விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நசுங்கிய ரப்பர் அன்று யார் கண்ணுக்கும் படாது; விலை பேசி முடிந்துவிடும். குளிர்காலத்தின் முதல் மழையில், வாங்கியவரின் மடியில் நீர் சொட்டும். தவறு ஒருவர் பருவத்தில் நிகழ்கிறது, வருத்தம் மற்றவர் பருவத்தில் விளைகிறது. பயன்பாட்டில் உள்ள பொருளைப் பேணுவதில் பாதி நம் வசதிக்காகவே அன்றோ? பயனற்றுக் கிடக்கும் காலத்தில் பேணும்போதுதான், வேறு யாருக்காகப் பேணுகிறோம் என்பது தெரியவருகிறது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். தலைக்கு மேல் கூரை இல்லாத மக்கள் வாழும் உலகில், காரின் கூரைக்கு ஒரு கூரையா? இம்மறுப்பை எளிதில் ஒதுக்கிவிட முடியாது, ஒதுக்கவும் கூடாது. இத்தனை பொருள் ஒருவரிடம் சேரலாமா என்பது தனி வழக்கு, அதில் உடையவர் பக்கம் வாதாட எனக்கு விருப்பமில்லை. ஆனால் அவர் கூரையைத் துருவேற விடுவதால் வீடற்ற எவருக்கும் வீடு கிடைத்துவிடாது. இரண்டு குளிர்காலம் பூட்டப்படாமலே நின்ற கூரையை, அது இன்னும் நல்ல நிலையில் இருக்கும்போதே, தேவைப்படுவோருக்குக் கொடுத்துவிடலாம். தேவைப்படுவோர் இருக்கவே செய்கின்றனர்: கார் ஒரு கையிலும் கூரை வேறொரு கையிலுமாகப் பிரிந்துபோய், பழைய காருக்குப் பொருந்தும் கூரையைத் தேடி அலைவோர் உண்டு. கெட்டுப்போன கூரையைக் கொடுக்கவும் வழியில்லை.

எஞ்சியது திருகாணிகள். மேசை இழுப்பறையில் போட்டால் ஆறு மாதத்தில் எது எதற்குரியது என்பது மறந்துபோகும். அவற்றை ஒரு சிறு துணிப்பையிலிட்டு, எது எந்தத் துளைக்குரியது என்று ஒரு தாளில் எழுதி உடன் வைத்து, பையைக் கூரையிலேயே கட்டிவிடுவது நல்லது. அக்டோபரில் பையை அவிழ்ப்பவர் வேறொருவராகவும் இருக்கலாம்.