ஏலத்திற்கு வரும் இசை ஏடுகளும் மடல்களும்: ஓர் அறவியல் நோக்கு

இசைமேதை பீத்தோவன் 1827ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள் வியன்னாவில் மறைந்தார். அவ்வாண்டு நவம்பரில் அவர் விட்டுச்சென்ற கையெழுத்துப் படிகளும் குறிப்பேடுகளும் பொது ஏலத்தில் விடப்பட்டன. இசைப் பதிப்பாளர் சிலர் அவற்றை மிகக் குறைந்த விலைக்கு எடுத்துக்கொண்டனர். குறிப்பேடுகள் பல பின்னர்க் கலைக்கப்பட்டுத் தனித்தனித் தாள்களாகப் பல நாடுகளுக்கும் சிதறின. 2016ஆம் ஆண்டு இலண்டன் சோத்பி ஏல நிறுவனத்தில் குஸ்தாவ் மாலரின் இரண்டாம் சிம்பொனிக் கையெழுத்துப் படி 45 இலட்சம் பவுண்டுக்கு விலைபோயிற்று. இவ்விரு ஏலங்களுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளில் உயர்ந்தது விலை மட்டுமன்று. எது விற்பனைக்குரியது என்னும் எண்ணமும் மாறியுள்ளது. அம்மாற்றத்தின் அறவியற் கூறுகளை ஆராய்வதாக இக்கட்டுரை அமைகிறது.

கையெழுத்துப் படியும் படைப்பும்

நெல்சன் குட்மன் என்னும் மெய்யியலார் 1968இல் வெளியிட்ட நூலில் கலைகளை இருவகையாகப் பகுத்தார். ஓவியத்தில் மூலம் ஒன்றே. எத்துணைத் துல்லியமாகப் படியெடுப்பினும் அது போலியே. இசையிலும் இலக்கியத்திலும் அவ்வாறன்று. குறியீடுகள் பிழையின்றி அமைந்த எந்தப் படியும் அப்படைப்பின் உண்மையான படியே ஆகும். தமிழ் மூலபாட ஆய்வாளர்க்கு இக்கருத்து புதிதன்று. சங்கப் புலவர் எவருடைய கையெழுத்து ஏடும் இன்றில்லை; வழிவழியாகப் படியெடுக்கப்பட்ட சுவடிகளைக் கொண்டே அந்நூல்கள் பதிப்பிக்கப்பட்டன. ஆசிரியரின் கைப்படி இல்லாமையால் அப்பாடல்களின் பெருமை குறைந்துவிடவில்லை.

இதன்படி நோக்கின், மாலரின் சிம்பொனி ஏலத்தில் விற்கப்படவில்லை. அதனை எவரும் விற்கவும் இயலாது. விற்கப்பட்டது 232 பக்கத் தாள்கட்டே. ஆயின் இவ்விளக்கம் ஓரளவிற்கே பொருந்தும். கையெழுத்துப் படியில் முடிந்த படைப்பு மட்டும் இல்லை. படைப்பு உருவான வழியும் உண்டு. அச்சுப்படி இதனைக் காட்டுவதில்லை.

இதற்குச் சிறந்த சான்று பீத்தோவனின் 134ஆம் எண் படைப்பு. அவருடைய நால்வர் நரம்பிசைப் படைப்பு ஒன்றின் இறுதிப் பகுதியாக அமைந்த 'குரோசே ஃபூகே' 1826 மார்ச்சில் முதன்முதல் இசைக்கப்பட்டபோது கேட்டோர் பலர் குழம்பினர். ஒரே பியானோவில் இருவர் அமர்ந்து வாசிக்கத்தக்க வடிவம் வேண்டுமெனப் பதிப்பாளர் விரும்பி, அப்பணியை ஆன்டன் ஹால்ம் என்பாரிடம் ஒப்படைத்தார். ஹால்மின் ஆக்கம் பீத்தோவனுக்கு நிறைவு தரவில்லை. தாமே அதனை மீண்டும் எழுதினார். அவ்வாறு எழுதிய 80 பக்கப் படி 1890இல் பெர்லினில் ஏலம் போனபின் ஆய்வுலகின் கண்ணிற்படவில்லை. 2005 சூலையில் பிலடெல்பியாவை அடுத்த இறையியல் கல்லூரி ஒன்றின் நூலக அலமாரியில் அது கண்டெடுக்கப்பட்டது. மையில் எழுதிப் பென்சிலாலும் செந்நிறக் கோலாலும் திருத்திய அப்படியில், அழித்தழித்து எழுதியமையால் தாள் கிழிந்து துளைபட்ட இடங்களும் உள. செவிப்புலன் முற்றும் இழந்த ஒருவர், கேட்டோர்க்கு விளங்காத தம் இசையை விட்டுக்கொடுக்க மனமின்றி, இரு கலைஞர்களின் நான்கு கைகளும் ஒன்றோடொன்று மோதாதவாறு அமைக்க முயன்ற உழைப்பு அத்துளைகளில் தெரிகிறது. குட்மனின் பகுப்பு இதற்கு இடம் தருவதில்லை. படைப்புக்குப் படிகள் பல இருக்கலாம். படைத்த செயலின் தடயம் ஒன்றே.

ஆகவே அறவியல் வினா, 'இதனை விற்கலாமா?' என்பதன்று. இசைப்படி உலகோர்க்கென எழுதப்பட்டது. தாள் கைமாறுவதால் படைப்பாளிக்கு இழுக்கில்லை. ஒருவர் பணம் கொடுத்துப் பெற்றமையாலேயே பிறர் கண்ணுக்கு மறைக்கும் உரிமையும் அவருக்கு வந்துவிடுமா என்பதே உண்மையான வினா. மாலர் படியை முன்னர் வைத்திருந்த கில்பர்ட் கப்லான் 1986இல் அதன் உருநேர் பதிப்பை வெளிக்கொணர்ந்தார். கண்டெடுக்கப்பட்ட பீத்தோவன் படியை 2005 திசம்பரில் ஏறத்தாழ 11 இலட்சம் பவுண்டுக்கு வாங்கிய செல்வர் புரூஸ் கோவ்னர், மறு ஆண்டே தம் தொகுப்பிலிருந்த 139 இசை ஏடுகளுடன் அதனை நியூயார்க் சூலியார்டு இசைப்பள்ளிக்கு வழங்கினார். இவை போற்றத்தக்க செயல்களே. எனினும் ஆய்வுலகம் ஒரு தனியாளின் ஈகைக் குணத்தை நம்பியிருக்க வேண்டியுள்ளது என்பதையும் இவையே காட்டுகின்றன. அதே படி நூற்றுப் பதினைந்து ஆண்டுகள் எவர்க்கும் தெரியாமல் கிடந்ததற்கு எவரும் பொறுப்பேற்க வேண்டியிருக்கவில்லை.

மடல்

மடலின் நிலை வேறு. அது ஒருவர்க்கென எழுதப்படுவது. பீத்தோவன் மறைந்தபின் அவருடைய தாள்களிடையே இரு ஆவணங்கள் கிடைத்தன. ஒன்று, 1802 அக்டோபரில் ஹைலிகன்ஸ்டாட் என்னும் ஊரில் தம் உடன்பிறந்தார்க்கு எழுதியது. செவித்திறன் குன்றிவரும் துயரை உரைப்பது. மற்றொன்று, 1812 சூலையில் பெயர் சுட்டப்படாத காதலி ஒருத்திக்கு எழுதியது. முன்னதில், தம் மறைவுக்குப்பின் உலகம் தம்மைச் சரியாக அறிந்துகொள்ள வேண்டும் என்னும் விழைவை அவரே வெளிப்படுத்தியுள்ளார். பின்னதில் அத்தகைய குறிப்பு ஏதுமில்லை. இரண்டும் இன்று பொது நூலகங்களில் உள்ளன. ஆய்வாளர் இரண்டையும் ஒரே ஆர்வத்துடன் படிக்கின்றனர். அக்காதலி யார் எனத் துப்பறியும் நூல்களுக்கும் குறைவில்லை. எழுதியவரின் கருத்தை நோக்க, இவ்விரண்டையும் ஒருங்கு வைத்தல் பொருந்தாது.

சட்டம் இவ்வேறுபாட்டை ஓரளவே உணர்ந்துள்ளது. கவிஞர் அலெக்சாண்டர் போப்புக்கும் பதிப்பாளர் எட்மண்டு கர்லுக்கும் இடையிலான 1741ஆம் ஆண்டு வழக்கில், மடலைப் பெற்றவர்க்குத் தாள் மட்டுமே உரியது, அச்சிடும் உரிமை எழுதியவர்க்கே உரியது என ஆங்கில நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பு நுட்பமானது. ஆயின் ஏலக்கூடத்தில் விற்கப்படுவது தாளே என்றாலும், விலையை உயர்த்துவது தாள் அன்று; அதுவரை பிறர் அறியாத செய்தியே. அச்சில் வாராத மடலுக்கு விலை மிகுதி. ஒருவரிடம் நம்பி உரைத்த சொல், நம்பி உரைத்தது என்னும் காரணத்தாலேயே விலைபெறுகிறது. சந்தையின் இந்த முரண் எண்ணத்தக்கது.

இறந்தவர்க்குத் தீங்கிழைத்தல் கூடுமா என்பது அரிஸ்டாட்டில் காலந்தொட்டு ஆராயப்பட்டுவரும் வினா. இறந்தவர் எதனையும் உணரார். ஆதலின் அவர்க்குத் தீங்கில்லை என்பது ஒரு சாரார் கருத்து. அதனை முழுதும் ஏற்றால் இறுதிமுறி, வாக்குறுதி ஆகியவற்றுக்கும் பொருளில்லாமற் போய்விடும். யோகன்னஸ் பிராம்சு இவ்வகையில் முன்னெச்சரிக்கை உடையவர். 1880களின் இறுதியில் அவரும் கிளாரா சூமனும் தத்தம் மடல்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். பிராம்சு தம்முடையவற்றுள் பலவற்றை அழித்தார். கிளாரா அழிக்கத் தொடங்கியபோது மகள் தடுத்தமையால் சில எஞ்சின. அவ்வாறு எஞ்சியவற்றைக் கொண்ட தொகுப்பு 1927இல் அச்சேறியது. ஆய்வுக்கு அது பெரும்பேறு. மகளின் செயல் சரியா என்னும் வினாவுக்கு அந்தப் பேறு விடையாகாது.

தாகூர் மடல்கள்

இந்தியச் சூழலில் இச்சிக்கல் அண்மையில் எழுந்தது. இரவீந்திரநாத தாகூர் தம் இசை குறித்துத் தூர்ஜதி பிரசாத் முகர்ஜி என்னும் இலக்னோ சமூகவியலார்க்கு எழுதியவை உள்ளிட்ட 35 மடல்கள் 2025 சூனில் மும்பை ஏல நிறுவனம் ஒன்றின் வாயிலாக ஏறத்தாழ 5.9 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டன. தாகூர் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட பாடல்களை இயற்றி மெட்டமைத்தவர். ஆயின் அவற்றுக்குச் சுரக்குறிப்பு எழுதியவர் பெரும்பாலும் தினேந்திரநாதர் முதலிய பிறரே. எனவே அவரைப் பொறுத்தவரை ஐரோப்பியப் பொருளில் இசைக் கையெழுத்துப் படி என்பது அரிது. இசை பற்றிய அவருடைய சிந்தனையை அவர் கைப்பட அறிய மடலே முதன்மைச் சான்றாகிறது. இருவரும் இசை குறித்து மேற்கொண்ட மடற்போக்குவரத்து 1935இல் நூலாகவும் வந்துள்ளது. ஆகவே இவ்வகை மடல்களை அந்தரங்கம் எனக் கூறி மூடிவைத்தல் பொருந்தாது. மடல் என்னும் வடிவம் அன்று, எழுதியவர் கருதிய அவையே எல்லையை வகுக்கிறது.

1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி, இலக்கிய, வரலாற்று மதிப்புடைய 75 ஆண்டு பழமையான கையெழுத்து ஏடு தொல்பொருளாகக் கருதப்படும். தனியார் அதனை வெளிநாட்டிற்குக் கொண்டுசெல்லுதல் இயலாது. தாகூர் பாடல்களின் பதிப்புரிமை 2001 இறுதியில் முடிந்தமையால் அவற்றை எவரும் அச்சிடலாம், பாடலாம். தாகூரின் சொல் இவ்வாறு பொதுவுடைமையாயிற்று. தாளும் நாட்டெல்லைக்குள் நிற்கிறது. ஆயினும் வாங்கியவர் தம் பேழையைத் திறக்க மறுப்பின், அத்தாளை ஒரு முறையேனும் ஆய்வாளர் கண்ணுறச் செய்யுமாறு கட்டாயப்படுத்தும் பிரிவு அச்சட்டத்தில் இல்லை. ஏற்றுமதியைத் தடுப்பதில் காட்டிய கருத்தைக் காட்சிப்படுத்துவதிலும் காட்டியிருக்கலாம். ஏலத்திற்குமுன் உருநேர் படி ஒன்றைப் பொது நூலகத்தில் வைத்தல் வேண்டும் என்னும் ஒரு விதி விலையைச் சிறிது குறைக்கலாம். விற்பவர் உரிமையைப் பறிக்காது. முழுதும் தனிவாழ்வு சார்ந்த மடலாயின், அதனைத் திறக்கும் காலத்தைப் பெற்றவரின் வழித்தோன்றல்களும் நூலகமும் கூடி வரையறுத்துக்கொள்ளலாம்.