பச்சிலையும் ஓர் அமானிதமே

நாஞ்சில் நாட்டு இல்லங்களில் முன்பெல்லாம் அஞ்சறைப்பெட்டியே மருந்துப்பெட்டி. சளிக்குச் சுக்கும் மிளகும், வயிற்றுக்கு ஓமமும், பலவற்றுக்குக் கருஞ்சீரகமும் அதிலிருந்தே வந்தன. இன்று அதே சரக்குகள் மாத்திரையாகவும் லேகியமாகவும் உருமாறி, ‘நோய் எதிர்ப்பாற்றலைப் பெருக்கும்’ என்னும் வாசகத்தைச் சுமந்து விற்பனைக்கு வருகின்றன. 2020இல் கொரோனா பரவிய பின்னர் அவ்வாசகம் மேலும் உரத்து ஒலிக்கிறது. ஒரு மூலிகையைப் பற்றி எவ்வளவு சொல்ல மனிதனுக்கு உரிமை உண்டு? இது மருத்துவக் கேள்வி மட்டுமன்று; மார்க்கக் கேள்வியுமாகும்.

நமக்கு வடக்கே நிற்கும் அகத்தியமலையே இதற்குச் சான்று கூறும். பேச்சிப்பாறைக்கு மேலே நம் மாவட்டத்திலும், எல்லைக்கு அப்பால் கேரளத்திலும் காணி மக்கள் வாழ்கின்றனர். 1987இல் கேரளப் பகுதிக் காணிகளின் வழித்துணையோடு மலையேறிய அறிவியலாளர்கள் களைத்துப் போயினர். வழிகாட்டிகளோ ஒரு சிறு பழத்தை உண்டபடி தளராது நடந்தனர். அதுவே ஆரோக்கியப்பச்சை. முதலில் தயங்கிய காணிகள் பின்னர் அச்செடியைக் காட்டினர். பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அதனோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி ஆகியவற்றைச் சேர்த்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை ஆக்கியது. 1995இல் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு அதன் தயாரிப்புரிமை 10 இலட்சம் ரூபாய்க்கு வழங்கப்பட்டது. அத்தொகையிலும் பின்வரும் உரிமைப்பங்கிலும் பாதி காணிகளுக்கென ஒதுக்கப்பட்டது. 1997இல் அதற்கென ஓர் அறக்கட்டளையும் அமைந்தது.

அறிவைத் தந்தவருக்கு அதன் பயனில் பங்களிப்பது நீதி. ஆயினும் அமானிதம் அத்துடன் முடிவதில்லை, சொல்லும் அமானிதமே. காட்டில் களைப்பு நீக்கிய பழம், கடைக்கு வந்தபோது எதிர்ப்பாற்றல் தரும் மருந்தாகவும் அறிமுகமாயிற்று. எலிகளிடம் கண்ட பலனுக்கும் மனிதர் பெறும் பலனுக்கும் இடையே நெடுந்தொலைவு உண்டு. மேலும், எதிர்ப்பாற்றல் என்பது எண்ணெய் வார்க்க வார்க்கச் சுடர்விடும் விளக்கன்று; பல அணுக்கள் அளவோடு இயங்கும் ஓர் ஒழுங்கு. அது நெறி தவறினால் சொந்த உடலையே தாக்கும். மூட்டுகளை அரிக்கும் முடக்குவாதம் அத்தகையதே. எதிர்ப்பாற்றலை நாடிச் சீந்திலை உட்கொண்ட சிலருக்கு ஈரல் பழுதுற்றதை 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதினர்.

“முன்னோர் உண்டு வாழவில்லையா?” எனச் சிலர் வினவலாம். உண்டனர், ஆனால் உணவோடு, அளவோடு உண்டனர். விளம்பரத்தை நம்பி நீரிழிவு மருந்தை நிறுத்திவிடுபவரின் நிலை வேறு.

கருஞ்சீரகத்தில் நிவாரணம் உண்டென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை நாம் நம்புகிறோம். மருத்துவம் அறியாதவன் வைத்தியம் செய்தால் விளையும் தீங்குக்கு அவனே பொறுப்பாளி என உணர்த்தியவர்களும் அவர்களே. நனைந்த தானியத்தை அடியில் மறைத்து விற்றவரைக் கண்டித்தவர்களும் அவர்களே. ஒன்றை ஏற்று மற்றவற்றை மறப்பது முறையாகுமா? அன்றைய வணிகர் ஈரத்தை மறைத்தார். இன்றைய வணிகர் ஐயத்தை மறைக்கிறார்.

பச்சிலை இறைவனின் அருட்கொடை. அதை உண்பவர் தம் மருத்துவரிடம் மறைக்காமல் கூறட்டும். விற்பவர் அறிந்ததை அறிந்த அளவே கூறட்டும். நோயாளியின் நம்பிக்கை அவருடைய பணத்தினும் பெரிய அமானிதம். அதற்கும் மறுமையில் கணக்கு உண்டு.